மூடிய தகட்டுக்குள் ஒரு வட்டம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைக் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் வெல்டர். காட்டுப் பாதையில் ஓடும் கனரக வண்டிகளின் முன்பக்க சஸ்பென்ஷன் உடையாமல் இருக்க, தடித்த தகடு வைத்துப் பலப்படுத்துவது என் வேலை. அன்று ஷெட்டுக்கு வந்தது என் தங்கை புருஷன் ஓட்டும் லாரி. மறுநாள் காலை எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டும். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம்.

சஸ்பென்ஷனைத் தாங்கும் இடது பிராக்கெட்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஓட்டை போட்டால்தான் அது மேலே ஓடாது. அவசரத்தில் நான் போடவில்லை. தகட்டை வைத்து நாலு பக்கமும் பற்றவைத்து மூடிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மதியம் 2.10. சாப்பிட்டுவிட்டு வந்தால், தகட்டின் மேல் சாக்பீஸ் வட்டம். உள்ளே விரிசல் முடிகிற இடத்துக்கு நேர் மேலே.

ஷெட்டில் என்னோடு இருந்தது ஃபிட்டர் நட்டு மட்டும்தான். என் திருட்டு வேலையைப் பார்த்துவிட்டான் போல.

“யோவ் நட்டு, என்ன கிண்டலா?”

“எனக்கு வேற வேலை இல்லையா? அந்தப் பக்கமே நான் வரல.”

துடைத்தேன். 3.25க்கு மறுபடியும் வட்டம். நட்டுவின் பைகளை எல்லாம் உதறிப் பார்த்தேன். ஒரு துண்டு சாக்பீஸ்கூட இல்லை.

“அடுத்து வாயையும் திறந்து காட்டவா?” என்றான்.

சந்தேகம் தீரவில்லை. துடைத்துவிட்டு அவனை வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போட்டேன். வண்டி எதிரிலேயே உட்கார்ந்தேன்.

5.52. வண்டிக்கு அடியில் சத்தம்.

டங்... டங்... டப்.

நல்ல இரும்பைச் சுத்தியலால் தட்டினால் டங் என்று கேட்கும். விரிசல் இருந்தால்தான் டப்.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

டப்... டப்...

கிரைண்டரை எடுத்துத் தகட்டை அறுத்தேன்.

விரிசல்... ஒரு சாண் நீளம்.

அறுத்த தகட்டைத் திருப்பினேன்.

உள்பக்கம்...

வெள்ளையாக...

ஒரு வட்டம்.

நட்டுவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேருமாகப் பிராக்கெட்டையே புதிதாக மாற்றினோம். மாப்பிள்ளை மலை இறங்கி, முழுசாக வீடு வந்து சேர்ந்தார்.

அப்புறம்தான் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“உனக்கு முன்னாடி இங்க ஒரு வெல்டர் இருந்தான். அவனும் ஒரு லாரியில விரிசலுக்கு ஓட்டை போடாம தகடு வச்சு மூடிட்டான். அவனே ஓட்டிப் பாக்கப் போனான். பிராக்கெட் உடைஞ்சு, அதே மலை இறக்கத்துல போய்ச் சேந்துட்டான். காதுல எப்பவும் ஒரு சாக்பீஸ் சொருகியிருப்பான்.”

“அவனோட சாக்பீஸ் இன்னும் ஷெட்டுலதான் கிடக்குதா?”

“இல்லப்பா. மிச்சமிருந்த டப்பாவை அவன் கூடவே வச்சுப் புதைச்சுட்டோம். என் கையாலதான் வச்சேன்.”