சுத்த வேஸ்ட்டு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ராஜபாளையத்தில் கட்டியவை: ஒரு தகரக் கொட்டகை, அது காற்றில் பறந்த பிறகு ஓட்டுக் கட்டடம், அதன் பின்னால் இரண்டு கிடங்குகள், ஒரு மாடி வீடு, தண்ணீரே வராது என்று எல்லாரும் சொன்ன இடத்தில் ஒரு கிணறு. மழை நனைத்தது, ஒருமுறை தீயும் பிடித்தது. நான் நிற்கவில்லை. அத்தனையும் வேஸ்ட்டில் கட்டியது.

எங்கள் ஊரில் வேஸ்ட் என்றால் தொழில். மில்லில் பஞ்சு நூலாகும்போது உதிர்கிற கழிவுப் பஞ்சு. தூசி தட்டிப் பிரித்தால் மெத்தைக்குப் போகும், மிஷின் துடைக்கப் போகும். வேஸ்ட்காரர் வாரார் என்றால் டீக்கடையில் நகர்ந்து இடம் விடுவார்கள். பஸ்ஸில் அரைமணி தூரத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்கு யார் சொன்னது?

எண்பதுகளின் நடுவில் அங்கே பெண் பார்க்கப் போனேன். கூடச் சித்தப்பா. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. பெண் ஆங்கிலப் பட்டதாரி. அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டியபோதே இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"என்ன தொழில் பாக்கீய?" என்றார் ஏட்டு.

"வேஸ்ட்டு மாமா."

"புரியலையே."

"சுத்த வேஸ்ட்டு மாமா. கலப்படமே கிடையாது. ராஜபாளையத்துல யாரை வேணாலும் கேளுங்க, சொல்லுவாங்க."

ஏட்டு எழுந்துவிட்டார். "பையனே வாய்விட்டுச் சொல்லிட்டான். பொறவு நான் விசாரிக்க என்ன இருக்கு?"

"ஏலே, பேசாம பால்கோவாவைத் தின்னுலே" என்று சித்தப்பா என் தொடையைக் கிள்ளினார்.

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. பின்னாலேயே பெண் வந்தாள், கையில் செங்கல் தடிமனில் ஒரு அகராதி.

"அப்பா, அவிய காதுல பஞ்சு ஒட்டியிருக்கு பாருங்க. மில்லு வேஸ்ட்டைச் சொல்றாவ." அகராதியைப் புரட்டினாள். "இந்தச் சொல்லு லத்தீன்ல இருந்து வந்ததாம். ஆளில்லாம வெறுமனே கெடக்குற நெலம்னுதான் மொத அர்த்தம். வீணுங்கறதெல்லாம் பொறவு ஒட்டிக்கிட்டது."

"தரிசுன்னு சொல்லு" என்றார் ஏட்டு, உட்காராமலே.

"தரிசுன்னா உழுதுட்டாப் போச்சு மாமா" என்றேன் நான்.

ஏட்டுக்கு மீசைக்குள் சிரிப்பு முட்டியது. உட்கார்ந்தார். அடுத்த மாதமே கல்யாணம்.

என் மனைவி இன்றும் விசேஷ வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள். அகராதி வருகிறது, காதுப் பஞ்சு வருகிறது. நான் சொன்ன பதில் மட்டும் வருவதில்லை. ஏட்டு உட்கார்ந்தது அகராதிக்கு அல்ல, அந்தப் பதிலுக்கு. இனி யார் இந்தக் கதையைச் சொன்னாலும் அந்தப் பதிலை என் பேரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அவளும்தான்.