பத்து லட்சத்து ஒன்று

பி.யு.சி. முடித்த வருஷம் எனக்கு இரண்டே வழிதான். கணக்கு பி.எஸ்ஸி.யில் இடம் கிடைத்தால் சென்னையில் படிப்பு. கிடைக்காவிட்டால் அறுவடை முடிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் திருவாலங்காட்டுக்கே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நெல் விலை பேசுகிற குரலிலேயே அப்பா இதைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேர்முகத் தேர்வில் பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார். "பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா?"

"ஆமாம் சார்" என்றேன், பட்டென்று. எங்கள் பக்கம் மொய் வைத்தால் பதினொன்று, நூற்றொன்று என்று ஒன்றைச் சேர்த்துத்தான் வைப்பார்கள். ஒன்று சேர்ந்தால் உறவு உடையாதாம். அந்த இரண்டு எண்களும் வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண்கள் என்று பள்ளியிலேயே பார்த்திருந்தேன். பத்து, நூறு, ஆயிரத்தோடு ஒன்று சேர்ந்த எண் எத்தனை பெரிதானாலும் அப்படித்தான் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. அவர் தலையாட்டி, போகலாம் என்றார்.

அப்பாவோடு ஊருக்குத் திரும்பும் ரயிலில் உட்கார முடியவில்லை. கடலை மடித்து வந்த காகிதத்தில் ஆயிரத்தொன்றை எழுதி ஏழால் வகுத்தேன். மீதியே இல்லை. உடனே பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டேன். மூன்று, ஏழு, பதினொன்று என்று பகா எண்களாலேயே வகுத்துக்கொண்டு போனேன். ஆவடி போனது, திருநின்றவூர் போனது. தொண்ணூற்றேழு வரை எதுவும் வகுக்கவில்லை. சொன்னது சரிதானோ என்று ஒரு நப்பாசை. அடுத்தது நூற்றொன்று. ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மீதி பூஜ்யம். மொய்க்கு வைக்கிற அதே நூற்றொன்றுதான் என் காலை வாரிவிட்டது.

"இன்னா கிறுக்கிக்கினே வர்ற?" என்றார் அப்பா.

"தப்பா சொல்லிட்டேன் நைனா. திரும்பிப் போயி சொல்லணும்."

"இப்போ போயி இன்னா ஆவப்போவுது? பேஜாரு பண்ணாத."

திருவள்ளூரில் வண்டி நின்றதும் நான் இறங்கிவிட்டேன். திட்டிக்கொண்டே அவரும் இறங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேராசிரியர் கல்லூரி வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நூற்றொன்றால் வகுபடுகிறது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் நின்றார். "சரி, அந்த ஈவு உடையுமா?"

"உடையாது சார். அதை வகுக்கிற எண் பெரிய எண்ணையும் வகுக்கணும். தொண்ணூற்றேழு வரைக்கும் பார்த்துட்டேன். அதுக்கு மேல நூற்றொன்று. அதோட வர்க்கம் ஈவைத் தாண்டிடும்."

அவர் முகம் மலர்ந்தது, பிறகு வாடியது. "இது காலையிலே வந்திருக்கணும்மா. பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. இனி அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் நான் எந்த வீட்டு அடுப்படியில் இருப்பேனோ. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. தெருவென்றும் பாராமல் அழுதேன். பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றபோது அப்பா சொன்னார்.

"அடுத்த வருஷம் வேற நம்பர் கேப்பாரு. போட்டுப் பாத்துட்டுச் சொல்லு. மாப்ள ஊட்ல நான் பேசிக்கிறேன்."