யாரோ கை வச்சிருக்காங்க

உட்காருவதற்கு முன் அவர் தன் நாற்காலியின் உயரத்தைச் சாணால் அளப்பார். ஒரு விரற்கடை கூடியிருந்தால் போச்சு. "யாரோ உக்காந்திருக்காங்க." அடுத்து கீபோர்டைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். போன வாரம் அதில் ஆரஞ்சு வாசனை அடித்ததாம். "யாரோ கை வச்சிருக்காங்க."

எங்கள் அலுவலக மின்னஞ்சல் முழுவதும் ஒரு பழைய கணினி வழியாகத்தான் வந்து போகிறது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. இருபது வருடமாக அது அவர் பொறுப்பு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிஐடி. சென்ற மாதம் அவர் மேசைக்கு ஒரு புதுக் கணினி வந்தது. அது வேவு பார்க்கும் என்பதால் ரகசியக் கடிதங்களைப் பழையதிலேயே எழுதுவார். அறிக்கைகளை மட்டும் புதியதில் தட்டி, வரிக்கு ஒரு தரம் கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமிப்பார். யாராவது அழித்துவிட்டால்?

அதே மாதம்தான் அவர் பக்கத்து மேசைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அதே மாதம்தான் பச்சைத் திரை அடிக்கடி உறைந்து நின்றது. சிஐடிக்கு இது போதாதா? நின்றதும் ஸ்விட்சை அணைத்துப் போடுவார். அரை மணி நேரம் யாருக்கும் மெயில் வராது. "எல்லாம் அவ வந்ததுலேர்ந்துதான்" என்று எல்லார் காதிலும் ஓதினார். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் நாலே நாள். இவர் ஒரு வரி எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான். இருந்தாலும் நானும் அவளை ஓரக்கண்ணால் கவனிக்கத் தொடங்கியிருந்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இன்று காலை பழைய கணினியில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். விரலைப் பார்த்தே தட்டுபவர். நாலு வரி போன பிறகு நிமிர்ந்தால், திரை எப்போதோ நின்றிருந்தது. ஸ்விட்சுக்குக் கை போனது.

"அணைக்காதீங்க சார்!" அவள் எழுந்து வந்தாள். "மெயில் போயிட்டுதான் இருக்கு, திரைதான் நிக்குது. இந்தப் பழசுல கன்ட்ரோல் எஸ் அழுத்தினா சேமிக்காது, திரையை நிறுத்திடும். பழக்கதோஷத்துல நீங்களே அழுத்தறீங்க. சொல்ல வந்தா கிட்டவே விடமாட்டேங்கறீங்க."

"நானா?"

அவள் கன்ட்ரோலையும் க்யூவையும் அழுத்தினாள். தேங்கிக் கிடந்த எழுத்தெல்லாம் மடமடவென்று திரையில் கொட்டியது. மேலாளருக்குக் கடிதம். 'புதிதாக வந்த பெண் வேண்டுமென்றே இயந்திரத்தைக் கெடுக்கிறாள். ஆகவே அவளை'

அத்தோடு நின்றது. நானும் எழுந்து வந்திருந்தேன்; மூவரும் படித்தோம்.

"முடிங்க சார்" என்றாள். "ஆகவே அவளை... என்ன?"

சிஐடி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அழிக்கும் பொத்தானில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. திரை முழுக்கக் கறுப்பான பிறகும் விரலை எடுக்கவில்லை.