மதியம் இரண்டு மணி கம்ப்ளெயின்ட்

செந்தமிழனின் இடது புருவத்துக்கு மேல் ஐந்து தையல். வண்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ரவுட்டர் முகத்தில் வந்து விழுந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்றைக்கு போனில் இந்தப் பக்கம் இருந்தவள் நான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இன்டர்நெட் ஆபீசில் கம்ப்ளெயின்ட் எடுப்பது என் வேலை. வீடு வீடாகப் போய்ச் சரிசெய்வது அவன் வேலை. வல்லத்துக்காரன், டிப்ளமோ படித்தவன், அவன் குடும்பத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்காத முதல் ஆள். ஆனால் இந்த வேலையில் அடி வாங்காமல் இருக்க முடியாது. கிரிக்கெட்டில் கடைசி ஓவரின்போது நெட் போனதற்கு ஒருவர் அவன் காலரைப் பிடித்துச் சுவரில் மோதினார். கோட்டைக் குரங்குகள் அறுத்துப்போட்ட கேபிளை இழுத்துக் கட்டும்போது ஒன்று அவன் தோளைக் கடித்தது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு சிக்னல் வரவில்லை என்று கத்துவார்கள். ஆயுத பூஜைக்குக் காற்றுத் துளையெல்லாம் அடைபடச் சந்தனம் அப்புவார்கள், அது சூடாகி நின்றுபோனால் இவன் மேல் கை ஓங்குவார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

உண்ணாமலை மேலும் அப்படித்தான் பற்றிக்கொண்டு வந்தது. பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அருண்பிரசாத்தின் மனைவி அவள். கீழே கடை, மாடியில் வீடு. ஒரே மாதத்தில் ஏழு முறை போன் செய்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு, நெட் ஸ்லோவாக இருக்கிறது, ஆளை அனுப்புங்கள் என்று.

முதல் தடவை போனபோது ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. செந்தமிழன் அதை ஹால் நடுவில் உயரமான அலமாரியில் வைத்துவிட்டு வந்தான். அடுத்த தடவை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் பாஸ்வேர்ட் தெரிந்து நுழைந்திருந்தார்கள், அதை மாற்றினான். அதற்கப்புறம் போனபோதெல்லாம் ஸ்பீடு முழுசாக வந்தது. அருண்பிரசாத் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, காபி வரவழைத்துக் கொடுத்து, தம்பி தம்பி என்று வாய் நிறையப் பேசுவாராம்.

ஐந்தாம் தடவையிலிருந்து ரவுட்டரில் சிவப்பு லைட் மின்னியது. ஃபைபர் கேபிள் கழன்றிருந்தது. கேபிளின் கண்ணாடி இழை நுனியில் தூசி பட்டால் கெட்டுவிடும் என்று அதற்கு ஒரு சின்ன மூடி உண்டு. அந்த மூடி பத்திரமாக மாட்டப்பட்டிருந்தது. எலி கடித்துவிட்டு மூடி போட்டு வைக்காது என்று செந்தமிழன் என்னிடம் சொன்னான். அவளே கழற்றுகிறாள் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். இதற்குள் முதலாளி ஆனந்தராஜ், ஒரே வீட்டிலிருந்து எட்டாவது கம்ப்ளெயின்ட் வந்தால் செந்தமிழன் வேலையை விட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டார்.

எட்டாவது வந்தது. வழக்கம்போல மதியம் இரண்டு மணி. செந்தமிழன் என் மேஜைக்கு எதிரே டிபன் பாக்ஸைத் திறந்துவைத்திருந்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஆள் வர முடியாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு முப்பது எண்ணி மறுபடி போடுங்கள் என்றேன்.

"இல்ல மேடம், ஆளுதான் வரணும்."

"எண்ணுங்க. எனக்குக் கேக்கணும்."

அவள் எண்ண ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. நடிக்கிறாள் என்று நினைத்தேன். பதினொன்று சொல்லும்போது கதவு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஆண் குரல் ஒன்று, யாருக்குடி போன் என்றது. அப்புறம் அறை விழும் சத்தம். போன் கீழே விழுந்தது, கட் ஆகவில்லை. பாத்திரங்கள் உருண்டன. அவள் தலையோ என்னவோ தரையில் திரும்பத் திரும்ப மோதியது, ஒரு தடவை எலும்பு முறிந்த மாதிரி ஒரு சத்தம்.

ஏழு கம்ப்ளெயின்ட்டும் எனக்கு ஒரே நொடியில் விளங்கின. சாப்பாட்டுக்குக் கடை ஷட்டர் இறங்குகிற நேரம் இரண்டு மணி. அவர் மேலே வருகிற நேரம். நான் நிமிர்ந்தபோது செந்தமிழன் கைகூடக் கழுவாமல் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான்.

கதவைத் தட்டி, நெட் கம்ப்ளெயின்ட் என்றிருக்கிறான். அருண்பிரசாத் சட்டையை நீவிவிட்டுக்கொண்டே சிரித்தபடி திறந்தார், சரியாகிவிட்டது, போங்கள் தம்பி என்று. அவர் காலுக்குப் பின்னால் தரையில் ரத்தம். செந்தமிழன் உள்ளே கால் வைத்தான்.

"உன் எடம் இன்னான்னு தெரியாம உள்ள வர்றியாடா?"

சொன்ன வேகத்தில் ரவுட்டரை ஒயரோடு பிடுங்கி வீசினார். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. செந்தமிழன் திருப்பி அடித்தான். எத்தனை முறை அடித்தாய் என்று போலீசில் கேட்டதற்கு, எண்ணவில்லை என்றான். உண்ணாமலையை முறியாத கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கிக்கொண்டு வந்தான். பஜாரே நின்று பார்த்தது. அத்தனை வருடமும் காது கேட்காமல் இருந்தவர்கள் என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு, வீங்கிய உதடு. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"ஷட்டர் எறங்குற சத்தம் கேட்டா கழட்டிடுவேன். வெளியாள் வந்தா அவரு கைய எறக்கிடுவாரு. மூடி மட்டும் மறக்காம போட்டுடுவேன் மேடம், கெட்டுடப் போவுதுன்னு." அப்புறம், "நீங்க சொன்னீங்கன்னு பதினொன்னு வரைக்கும் எண்ணிட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் இப்போது சீயமங்கலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். கேஸ் நடக்கிறது. ஆனந்தராஜ் குதித்தார், ஆனாலும் செந்தமிழனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கப்புறம் போனில் நான் யாரையும் எண்ணச் சொல்வதில்லை.

நேற்று இன்னொரு பெண் போன் செய்தாள். இந்த மாதத்தில் மூன்றாவது முறை, நெட் ஸ்லோவாம். என் கம்ப்யூட்டரில் பார்த்தேன், அவள் வீட்டு லைனில் ஒரு குறையும் இல்லை. அதை நான் சொல்லி முடிப்பதற்குள் செந்தமிழன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டான். நான் போனை வைத்துவிட்டு வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.