நான்காம் குழுவின் இளஞ்சிவப்பு

என் மேசையின் கீழ் இழுப்பறையில் காகித உறையிட்ட ஒரு சிடி இருக்கிறது. உறையின் மேல் பச்சை மார்க்கரால் 'குழு 4, டைட்ரேஷன்' என்று எழுதியிருக்கும். எழுத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. பெர்மாங்கனேட் பட்ட விரலோடு யாரோ ஒரு மாணவி உறையைப் பிடித்திருக்கிறாள். பட்டபோது அது ஊதாவாக இருந்திருக்க வேண்டும். என் கைக்கு வந்தபோதே பழுப்பாகியிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்று பழகியவன் நான். ஆண்டுக்கொரு முறை இழுப்பறையைக் கொட்டி, வேண்டியது ஒரு பக்கம், கழிப்பது ஒரு பக்கம் என்று பிரிப்பேன். இந்தச் சிடியை மட்டும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் திரும்ப உள்ளேயே வைத்துவிடுகிறேன்.

அப்போது நான் ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்த ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் கலந்து படித்தார்கள். தமிழில் ஒரு கேள்வி கேட்டால் பின்வரிசையில் அதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அலசிவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அந்த ஆண்டு என்னோடு பாடத்தைப் பகிர்ந்துகொள்ளப் புதிதாக ஓர் ஆசிரியை வந்தார். தற்காலிக நியமனம், ஏப்ரலில் நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் ராயக்கோட்டை மிஸ். ஊரில் தக்காளி விலை இறங்கிய நாட்களில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் வைப்பார். "இன்னைக்கு என்ன மிஸ், வெறுங்கையோட வந்திருக்கீங்க, தக்காளி ஏறிடுச்சா?" என்று இயற்பியல் ஆசிரியர் கேட்பார்.

எங்கள் ஆய்வகம் சிறியது. முன்னால் நிற்பவர்கள் சோதனை செய்ய, பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்ப்பார்கள். ராயக்கோட்டை மிஸ்தான் ஒரு வழி சொன்னார். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிப்பது. ஒவ்வொரு குழுவும் ஒரு சோதனையைச் செய்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துத் தருவது. அதைப் பார்த்து அகமதிப்பெண் போடுவது. பள்ளியில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. தாளாளர் முதலில் சிரித்தார். "என்னம்மா, கல்யாண வீடியோவா? மாப்பிள்ளை அழைப்பும் உண்டா?" பிறகு சிரிக்காமல் சொன்னார்: "செய்யுங்க. ஒரு குரூப் தில்லுமுல்லு பண்ணுச்சுன்னு தெரிஞ்சாலும் இதோட நிறுத்திப்புடணும். உங்களையும் சேர்த்துத்தான் யோசிப்பேன்." மிஸ் தலையாட்டினார். அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியே பார்த்து, ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாமல் வைத்திருந்து, பிறகு ஒப்பிட வேண்டும் என்ற விதி என்னுடையது. பள்ளியில் இருந்த ஒரே கணினியில் அவர் பார்த்தார். நான் வீட்டில், டிவியோடு இணைத்த சிடி பிளேயரில் பார்த்தேன். காபியோடு வந்து உட்கார்ந்த என் மனைவி சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டு எப்பங்க வரும்?" என்றாள்.

மற்றக் குழுக்களில் எங்கள் மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நான்காம் குழுவுக்கு நான் பத்துக்கு இரண்டு போட்டிருந்தேன். அவர் ஒன்பது போட்டிருந்தார். டைட்ரேஷன் எளிதான சோதனை. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் இறங்கும். நிறம் மறைந்துகொண்டே வரும். ஒரு சொட்டில் மறையாமல் வெளிர் இளஞ்சிவப்பாக நின்றுவிடும். அதுதான் முடிவுநிலை, அங்கே நிறுத்த வேண்டும். வீடியோவில் குழுத் தலைவி "வந்துருச்சு!" என்று கத்திக் குழாயைத் திருகி மூடுகிறாள். என் டிவியில் குடுவை அப்போது தண்ணீரைப் போல இருந்தது. ஆனாலும் அவர்கள் எழுதிய அளவு மிகச் சரியாக இருந்தது. நிறமே வராமல் அளவு மட்டும் சரியாக வந்தால், முன்பே செய்து அளவை அறிந்துகொண்டு கேமராவுக்கு நடித்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

"பிங்க் நல்லாத் தெரியுதே சார். உங்களுக்குத் தெரியலையா?" என்றார் மிஸ்.

"தண்ணியாட்டம் இருக்குதுங்க மிஸ்."

"ரெண்டு பேரும் சேர்ந்தே கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க, நான் கிளாஸைப் பாத்துக்கறேன்," என்றார் இயற்பியல் ஆசிரியர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் யோசனையைக் காப்பாற்றிக்கொள்ள மிஸ் இல்லாத நிறத்தைப் பார்க்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அவருக்கும் என்மேல் அப்படியே ஏதாவது வந்திருக்கலாம். பள்ளிக் கணினியில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். குடுவை இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. அடியில் வைத்த வெள்ளை டைலும், பின்சுவரும், தலைவியின் பற்களும்கூட இளஞ்சிவப்பாக இருந்தன. மானிட்டரே அப்படி. மறுநாள் மிஸ் என் வீட்டுக்கு வந்தார். டிவியில் குடுவை நிறமில்லாமல் இருந்தது. டைல் லேசான மஞ்சள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். மூன்றாவதாக ஒரு திரை தீர்ப்புச் சொல்லட்டும் என்று பாகலூர் சாலையில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கே எல்லாவற்றிலும் நீலம் படிந்து, குடுவை வெளிர் ஊதாவாக நின்றது. கடைக்காரர் எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நாங்கள் படும் பாட்டைக் கண்டு இரக்கப்பட்டு, மானிட்டரின் அடியில் இருந்த பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "என்ன கலர் வேணும்னு சொல்லுங்க மிஸ், வெச்சுத் தர்றேன்," என்றார்.

காசைக் கொடுத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.

குழுவைக் கூப்பிட்டு விசாரித்தோம். தலைவி, "சாமி சத்தியமா பிங்க்தான் மிஸ்," என்றாள். குடுவையைச் சுழற்றியவள் தயங்கினாள். "எனக்கு ஒண்ணும் தெரியல சார். இவ வந்துருச்சுன்னா, நானும் வந்துருச்சுன்னேன்." தலைவி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இருந்தது கோபமா பயமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எங்கள் முன்னால் மறுபடி செய்யச் சொன்னோம். தலைவி பிசகில்லாமல் செய்தாள். இன்று செய்யத் தெரிகிறது என்பதால் அன்று செய்தாள் என்று ஆகிவிடுமா?

மதிப்பெண் பட்டியலைத் தாளாளருக்குக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. இரு மதிப்பீட்டாளர்கள் வேறுபட்டால் சராசரி எடுப்பதுதான் வழக்கம். ஐந்தரை என்று போட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை என்றேன். அவருக்கும் அதுதான் நல்லது என்று உண்மையாகவே நினைத்தேன்.

"நீங்க ஒண்ணும் வரலைங்கறீங்க, நான் வந்துச்சுங்கறேன். கூட்டி ரெண்டால வகுத்தா, பாதி வந்துச்சுன்னு ஆகுமா சார்?" என்றார்.

அவர் அந்தக் கட்டத்தில் 'மதிப்பிட இயலவில்லை' என்று எழுதினார். நேரே தாளாளர் அறைக்குப் போய், வீடியோவில் நிறத்தை நம்ப முடியவில்லை, நேரில் செய்யவைத்துத்தான் மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். தன் திட்டத்தைத் தானே மூடிவிட்டார். அது நேர்மையா, அல்லது அந்தப் பிள்ளை நடித்தது அவருக்குத் தெரிந்து அவளைக் காப்பாற்றிய வழியா என்று நான் பல நாள் யோசித்தேன். பேனாவால் மட்டுமே நாட்குறிப்பு எழுதும் நான், அன்றைய பக்கத்தைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது கால அட்டவணையில் அவர் பெயர் இல்லை. "அவங்களே வரலைன்னுட்டாங்க," என்றார் தாளாளர். அதையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு மாம்பழப் பருவத்தில் அவரைக் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை என்றார். "அங்கயும் கலர்தான் சார் பாக்கறேன். ஆனா பக்கத்துலயே ஒரு மாதிரி பாட்டில் வெச்சிருப்பாங்க. அதோட ஒத்துப் பாத்தாப் போதும்." எங்கள் கேமராவின் முன் ஒரு மாதிரிக் குடுவை வைக்க இரண்டு வேதியியல் ஆசிரியர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று இருவரும் சிரித்தோம். என் பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நெசமாவே உங்களுக்குத் தெரியலையா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியை நான் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் மகளின் மடிக்கணினியில் சிடியைப் போட்டேன். ஓடியது. தலைவி "வந்துருச்சு!" என்ற இடத்தில் நிறுத்தினேன். ஒரு கணம் குடுவை டைலைவிடச் சற்றுச் சிவந்து தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தால் இல்லை. மாதிரி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. தண்ணீர்த் தொட்டிக்கென்று வாங்கி வைத்த பெர்மாங்கனேட் வீட்டில் இருந்தது. ஒரு துகளைக் கரைத்து, அதிலிருந்து சில சொட்டுகளைக் கண்ணாடித் தம்ளர் நீரில் விட்டு, என் கண்ணுக்கு முடிவுநிலை என்று பட்ட இடத்தில் நிறுத்தித் திரைக்கு அருகில் வைத்தேன். சுத்தமான வெளிர் இளஞ்சிவப்பு. ஐயமே இல்லை.

மனைவி வந்தாள். தம்ளரைக் காட்டி, "இது என்ன கலர்?" என்றேன்.

குனிந்து பார்த்தாள். தூக்கி டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "என்ன கலரு? தண்ணிதானே," என்றாள்.

"நெசமாவே உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தச் சொற்கள் யாருடையவை என்று நினைவுக்கு வந்தது. என் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் தம்ளரைக் கழுவ எடுத்துப் போய்விட்டாள். நான் சிடியை எடுத்து, பழுப்பு ரேகை மேலே தெரியும்படி உறையில் போட்டு, இழுப்பறையில் அதே இடத்தில் வைத்தேன்.