ஸ்பின்ட்ரானிக்ஸ் பேசிய துறைத்தலைவர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படித்தேன். எங்கள் துறைத்தலைவருக்குப் பாடப்புத்தகத்தைத் தாண்டிய எதுவும் குற்றம். செமினாருக்கு ஸ்பின்ட்ரானிக்ஸ் என்ற தலைப்பைக் கொண்டுபோனபோது, "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா? போம்மா, வேற தலைப்பு பாரு" என்று தாளை மேசையில் எறிந்தார்.

நான் மாற்றவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து இன்டர்நெட் சென்டரில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். இதுவரை சிப்புக்குள் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மட்டும்தான் வேலை வாங்கியிருக்கிறோம். அதற்கு ஸ்பின் என்று இன்னொரு குணமும் உண்டு. மேல், கீழ் என்ற அதன் இரண்டு நிலைகளையும் இரும்புபோன்ற காந்தப் பொருளிலிருந்து சிலிக்கான் என்ற குறைகடத்திக்குள் கொண்டுபோய்ப் பயன்படுத்த முடிந்தால் குறைந்த மின்சாரத்திலேயே சிப்பை ஓட்டலாம். இதுதான் சாரம். ஸ்பின் என்பது பெயர்தான், எலக்ட்ரான் பம்பரம்போலச் சுற்றுவதில்லை என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

அந்த மாதம் அங்கீகாரக் குழு வந்தது. துறைத்தலைவர் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறினார். திரையில் விழுந்தவை நான் கையால் வரைந்த படங்கள். கீழே அவர் பெயர்.

குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "இரும்புலருந்து சிலிக்கானுக்குள்ள போகும்போது ஸ்பின் கலைஞ்சிராதா?"

"கலையாது சார். பம்பரம் மாதிரி. ஒருதரம் சுத்திவிட்டா சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். திருடியதைப் படித்துப் பார்க்காததுதான் அருவருப்பாக இருந்தது. கேட்டவரோ தலையாட்டிவிட்டுத் தட்டிலிருந்து போண்டாவை எடுத்துக்கொண்டார். ஆசிரியர்கள் கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். "சார், அது சுத்துறதே இல்ல. கலைஞ்சும் போகும். அதுதான் இதுல பெரிய சிக்கலே. நான் எழுதுனதுலயே இருக்கு."

"ஆர்வமான பிள்ள. நம்ம மேற்பார்வையிலதான் செய்யுது" என்று துறைத்தலைவர் சிரித்தார். பிறகு வராந்தாவில் வழிமறித்தார்.

"இன்டர்னல் மார்க் யாரு போடுறான்னு தெரியுமா?"

"நீங்கதான் சார். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

போட்டார், தேறும் அளவுக்கு மட்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஓட்டை அம்மீட்டர்களைக் குவித்திருந்த அறைக்கு ஸ்பின்ட்ரானிக்ஸ் ஆய்வகம் என்று பலகை மாட்டினார்கள். அவர் முதல்வரானார். நான் இயற்பியல் படிக்கப் போனேன்.

சில வருடம் கழித்து, வத்தலக்குண்டில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்கு ஸ்பின்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்ததே நாந்தான்" என்றார்.

மறுத்துப் பேசும் அளவுக்குக்கூட அவரை மதிக்கத் தோன்றவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.