இயல்பாகப் பேச எழுதிய வசனம்

இன்று சாயங்காலம் விளாங்குடியில் அக்கா வீட்டுக்குப் போனேன். நான்காம் வகுப்புப் படிக்கும் அவள் மகளுக்கு வீட்டுப்பாடமாம்: வீட்டில் ஒருவரோடு ஆங்கிலத்தில் இயல்பாகப் பேசி, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ போட வேண்டும்.

இயல்பாகப் பேச அக்கா வசனம் எழுதி வைத்திருந்தாள். எனக்கும் சேர்த்து.

"டேய், நீயா எதுவும் யோசிக்காத. தாள்ல இருக்கறத மட்டும் கேளு."

திரும்பத் திரும்ப எடுத்ததில் அலுத்துப்போய், பள்ளிக்கூடத்தில் யாரைப் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். தாளில் இல்லாத கேள்வி.

பிள்ளை திணறினாள். பிறகு, வேன் ஓட்டுற அண்ணனைத்தான் பிடிக்கும், அவர் மட்டும்தான் திட்டுவதில்லை என்று தப்பும் தவறுமாக ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தாள். முகமெல்லாம் பெருமை.

"அத அழிடா. இம்புட்டு தப்போட போட்டா குரூப்புல மானம் போயிரும்."

"அக்கா, இதுலதான் அவ பேசியிருக்கா."

"பெறகு பேசப் பழகிக்கலாம். இப்ப ஹோம்வொர்க்க முடி."

அழித்தோம். மனப்பாட வசனத்தை எடுத்து அனுப்பினோம். சரளமாகப் பேசுகிறாள் என்று வகுப்பு மிஸ் குரூப்பில் ஸ்டார் போட்டார்.

மற்ற பிள்ளைகளின் வீடியோக்களையும் பார்த்தேன். எல்லாரும் சரளம்தான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் வசனம் எழுதுவது யார்?